மண் ஈரமானியை நீரிலிட்டுச் சரிபார்த்தல்



கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்யும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒவ்வோர் இறைப்பும் அளவறிந்து செய்யவேண்டியதொன்றாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின், செம்பாட்டு மண்ணூடாக வடியும் நீர் நாம் இட்ட பசளையின் நைத்திரேற்றையும் கரைத்துச் சென்று, சுண்ணக்கற் பாறையிலுள்ள நிலத்தடி நீருடன் சேர்க்கும். நாம் குடிப்பதும் அந்நீரையே. கரையோரக் கிணறுகளிலோ, மிகை இறைப்பினால் உவர்நீர் மேலேறும். ஆதலின் மண்ணின் ஈரத்தை அளந்து காட்டும் மின் ஈரமானிகள் பெரிதும் பயன்படத்தக்கவை. ஆயினும் அவற்றைச் சரிபாராது நம்புதல் தீங்காகும்.

கருவி தொழிற்படும் முறை

மண்ணில் ஊன்றப்படும் தகடு, தன்னைச் சூழ்ந்துள்ள பொருள் மின்னேற்றத்தைத் தாங்கும் இயல்பை அளக்கின்றது. இவ்வியல்பு வளியினும் நீருக்கு ஏறக்குறைய 80 மடங்காகும்; உலர்ந்த மண்ணுக்கோ 3 முதல் 5 மடங்கே. எனவே மண்ணில் நீர் சிறிது கூடினும் கருவி அதனை உணரும். சில கருவிகளில் ஈரம் கூடக்கூட எண் குறையும். அதனைக் கண்டு மயங்க வேண்டாம்.

நீரிற் சோதித்தல்

1. தகட்டைத் துடைத்து உலர்த்தி, எதிலும் படாதவாறு வளியிற் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்க.
2. அகன்ற பிளாத்திக்குப் பாத்திரத்தில் தூய மழைநீரை நிரப்பி, நீரும் கருவியும் ஒரே வெப்பநிலையை அடையும்வரை வைத்திருக்குக.
3. தகட்டிற் குறிக்கப்பட்ட கோடு வரை மாத்திரம் அமிழ்த்துக. அதற்கு மேலுள்ள மின்னுறுப்புகளில் நீர் படலாகாது. தகடு பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடலாகாது.
4. ஒட்டியுள்ள வளிக்குமிழிகளை மெல்ல அசைத்து நீக்கி, எண் நிலைத்தபின் குறித்துக்கொள்க.

பல கருவிகள் இருப்பின் எல்லாவற்றையும் அதே நீரிற் சோதித்து, ஒவ்வொன்றிற்கும் இலக்கமிட்டு, அதனதன் எண்களைத் தனித்தனியே எழுதி வைத்தல் வேண்டும். ஒரே பெட்டியில் வந்த கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. ஒரு கருவியின் எண் முன்னைய போகத்திற் குறித்ததிலிருந்து பெரிதும் விலகியிருப்பின் அதனை நம்பலாகாது.

நீர் காட்டாதது யாது?

வளியில் 0 எனவும் நீரில் 100 எனவும் கருவியை அமைத்துவிட்டு, தோட்டத்தில் 100 வரும்வரை இறைப்போமென எண்ணுவது பெரும் பிழையாகும். மண்ணின் கனவளவிற் பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்ட இடம் மண்பருக்கைகளுக்கே உரியது; எஞ்சிய துளைகளே நீர் நிற்கக்கூடிய இடம். எனவே வெள்ளம் நின்றாலும் அம்மண்ணில் 100 வராது. நீர்ச் சோதனை கருவி பழுதற்றதா என்பதைச் சொல்லும். மண்ணில் எவ்வளவு நீர் உண்டென்பதை மண்ணே சொல்லவேண்டும்.

மண்ணிற் சோதித்தல்

தோட்டத்திற் கருவியின் எண்ணைக் குறித்தபின், அதனருகே 100 கன சதமமீற்றர் கொள்ளும் உலோக வளையத்தை அழுத்தி, மண்ணைக் குலையாமல் எடுத்து நிறுக்குக. பின்னர் அதனை 105 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் உலர்த்தி மீண்டும் நிறுக்குக. உதாரணமாக, வளையத்தின் நிறையை நீக்கியபின் ஈரமண் 170 கிராமும் உலர்மண் 145 கிராமும் ஆயின், வேறுபாடான 25 கிராமே நீராகும். அதாவது கனவளவில் 25 சதவீதம். ஈரமாகவும், நடுத்தரமாகவும், காய்ந்தும் இருக்கும் மூன்று வேளைகளில் இவ்வாறு செய்தால் உங்கள் மண்ணுக்குரிய கணக்குக் கிடைக்கும்.

உலர்த்தும் வசதியில்லாதோர், நன்றாக இறைத்து மிகைநீர் வடிந்தபின், ஒன்றிரண்டு நாளிற் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. அதுவே உங்கள் தோட்டத்தின் நிறை ஈரக் குறியாகும். அதற்கு மேல் இறைக்கும் நீர் வேருக்கு உதவாது கீழே செல்வதாகும். உவர்க் கிணறுடையோர் தத்தம் நீர் பாய்ந்த மண்ணிலேயே இக்குறியை எடுத்தல் வேண்டும். உப்பு மிகுந்த மண்ணிற் பல கருவிகள் உள்ளதிலும் கூடிய ஈரத்தைக் காட்டும்.

போகந்தோறும் நடுகைக்கு முன் ஒருமுறை நீரிலும், முதல் இறைப்பின் பின் ஒருமுறை மண்ணிலும் சோதித்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். கிணற்றின் நீரும் இறைப்புச் செலவும் மிச்சமாவதுடன், குடிக்கும் நீரும் காக்கப்படும்.