எண்ணும் அகவையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மட்டாஞ்சேரி ஜூ டவுனில் முன்னாளில் மிளகும் இஞ்சியும் மணந்த பண்டகசாலைகள் பல இன்று பழம்பொருள் அங்காடிகளாக விளங்குகின்றன. அங்கே குத்துவிளக்கை எடுத்தாலும் மரப்பெட்டியை எடுத்தாலும் நாம் முதலில் கேட்பது, இதற்கு வயது என்ன என்பதே. விலை ஏறுவதும் அந்த விடையைக் கொண்டுதான். நம் இளைஞர் சிலர் பழைய மின்கிதார் வாங்க விரும்புகின்றனர். வரிசை எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அஃது எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வோம்.

சில எண்கள் வாய் திறந்து பேசும். அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தார் 1977 முதல் 2005 வரை பெரும்பாலும் எட்டு இலக்க எண்ணைக் கிதாரின் தலைப்பாகத்துக்குப் பின்னே பொறித்தனர். 82765501 என்று இருப்பதாகக் கொள்வோம். முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து 85 ஆகும், ஆண்டு 1985. இடையிலுள்ள 276 என்பது அவ்வாண்டின் 276ஆம் நாள், அதாவது அக்டோபர் 3. எஞ்சிய மூன்றும் வரிசையைக் குறிப்பன. சாதகமே கணித்துவிடலாம் போலிருக்கிறதல்லவா?

எல்லா எண்களும் இவ்வாறு பேசுவதில்லை. ஜூ டவுனிலேயே அதற்குச் சான்று உண்டு. 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் உடைமையாகிய செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கியதைச் சொல்வது. வட்டெழுத்தில் அமைந்தது, ஆகவே நமக்கும் உறவுடையது. அதில் ஆண்டும் உண்டு: இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு. ஆனால் எவ்வாண்டிலிருந்து எண்ணுவது? யூதர் மரபு அதனைக் கி.பி. 379 என்று போற்றி வந்தது. எழுத்தின் வடிவையும் மன்னன் காலத்தையும் ஆராய்ந்த அறிஞர்கள் ஏறத்தாழ கி.பி. 1000 என்றனர். அறுநூறு ஆண்டு வேறுபாடு! செப்பேட்டில் பிழையில்லை, எண்ணின் தொடக்கம் தெரியாததே காரணம்.

கிதாருக்கும் இதே நெறிதான். கிப்ஸன் நிறுவனத்தார் 1960களில் இட்ட ஆறிலக்க எண்கள் பலவற்றை 1970 முதல் 1975 வரை மீண்டும் இட்டனர். பத்தாண்டு மூத்ததென்று சொல்லி விற்பவருக்கு இஃது எத்துணை வசதி! 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற பொறிப்புத் தலையின் பின்னே இருந்தால், அது பெரும்பாலும் 1970க்குப் பிற்பட்டதென்று கொள்ளலாம்.

பெண்டர் கிதார்களிலோ, 1950களின் நடுவிலிருந்து 1976 வரை, கழுத்தை உடலோடு பிணைக்கும் தகட்டில் எண் இருந்தது. தொழிலாளர் அத்தகடுகளை வரிசை பார்த்து எடுத்தாரில்லை. கைக்கு வந்ததைப் பூட்டினர். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகடு வேறொரு கிதாருக்குக் குடிபோகவும் கூடும்.

ஆகையால் உள்ளே பார்க்க வேண்டும். கழுத்தின் அடிப்புறத்தில் மாதமும் ஆண்டும் குறித்திருப்பதுண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் அடியிலுள்ள உறுப்பில் 1376633 என்றிருந்தால், 137 அவ்வுறுப்பைச் செய்தவர் குறி, 66 ஆண்டு, 33 வாரம். அதனோடு பிறந்த கிதார் 1966ஆம் ஆண்டின் 33ஆம் வாரத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஈயப் பற்று புதிதாக மின்னினால், உறுப்பே மாற்றப்பட்டதோ என்று ஐயுறுக.

பணத்தை எடுக்குமுன், திருகாணியைக் கழற்றிக் காட்டுமாறு கடைக்காரரைப் பணிவோடு கேளுங்கள். அவர் மறுத்தால், கிதாரை வாசித்துப் பார்த்து அதன் இசைக்கு மட்டும் விலை பேசுங்கள்; வயதுக்கென்று ஒரு காசும் கூட்ட வேண்டா.