கல்வெட்டு கேட்காத நன்கொடை



நம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களே, கட்டடம் கட்டப் பணம் கேட்டால் தாராளமாகத் தருகிறீர்கள். வாசலில் கல்வெட்டு இருக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம். ஆசிரியர் சம்பளத்துக்குக் கேட்டால் மட்டும், "அது அரசாங்கம் பார்க்க வேண்டியதல்லவா?" என்கிறீர்கள்.

நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907-இல் கல்கத்தாவுக்கு நிதித்துறை அதிகாரியாகப் போனார். அந்நகரின் பௌபஜார் பகுதியில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அறிவியல் சங்கத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஓடிப்போய் அங்கே ஆய்வு செய்தார். கூடம் இருந்தது, கருவி இருந்தது. முழுநேரமும் அங்கே இருக்கச் சம்பளம்தான் இல்லை!

அந்தச் சம்பளத்தைத் தந்தது தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞரின் கொடை. 1912-இல் அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்த சொத்தில் உருவான இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு, அங்கே துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி ராமனை அழைத்துவந்தார். 1917-இல் பொறுப்பேற்றார் ராமன். 1928-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு.

அரசு வேலையில் வாங்கியதைவிட அங்கே மிகக் குறைவாகத்தான் வாங்கினார் என்பதும் உண்மை. உடனே, "பார்த்தீர்களா, நல்ல ஆசிரியர் குறைந்த சம்பளத்துக்கும் வருவார்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது ராமன். வீட்டுக் கடனும் வயதான பெற்றோரும் உள்ள ஓர் இளம் ஆய்வாளரிடம் அந்தத் தியாகத்தைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

இன்று உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். படிகள் சேரும், மறுக்கவில்லை. ஆனால் கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவரைப் பெங்களூரு நிறுவனங்கள் அழைக்கும் தொகைக்கு முன்னால் அது நிற்காது.

ஐ.ஐ.டி.களில் நன்கொடையாளர் பெயரில் பேராசிரியர் இருக்கைகள் உண்டு. நாமும் தொடங்குவோம். ஒரு கோடி ரூபாய் வைப்புநிதிக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7 லட்சம். விலைவாசி உயர்வை ஓரளவு ஈடுகட்ட 2 லட்சத்தை முதலோடு சேர்த்துவிட்டாலும், மாதம் 41,000 ரூபாய்க்கு மேல் ஓர் ஆசிரியருக்குக் கூடுதலாகத் தரலாம். முதலில் கைவைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் உங்களுக்குத்தான்: ஆசிரியரைத் தேர்வுக்குழுவே தேர்ந்தெடுக்கும். மருமகனுக்கோ மச்சானுக்கோ சிபாரிசு வேண்டாம். இருக்கைக்கு உங்கள் தாயின் பெயரை வையுங்கள், தடையில்லை. உறுதிப்படிவம் வாசல் மேசையில் இருக்கிறது.