மூன்று மாதம் தங்கிய மரியா

மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசு என்று 2025 மார்ச்சில் ஆந்திர எம்.பி. ஒருவர் அறிவித்தார். இப்படிப் பிரித்ததே நமக்கு உறுத்துகிறது. நம் மாநில அரசு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தரும் 18,000 ரூபாயோ முதல் இரண்டு பேறுகளுக்குத்தான்.

பணத்தை நாம் குறை சொல்லவில்லை; அது தாய்க்குச் சத்துணவாகும், மருந்தாகும். ஆனால் நம் கறம்பக்குடிப் பக்கம் அவள் மறுபடி நடவுக்கு இறங்கும்போது தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டுமே! மாமியாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். அடுத்த பிள்ளையை நினைக்கப் பெண்கள் தயங்குவது இந்த இடத்தில்தான்.

எலிசபெத்தின் வீட்டுக்குப் போன மரியா அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. நம் அன்பியத்தில் நிறைமாதமாயிருக்கும் சகோதரிக்குத் துணையாக இந்த வாரம் யார் போகிறோம்?