இதற்குச் சான்று என்ன?

(நூற்றாண்டு விழாவில் மருத்துவத்துறைப் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்திய உரை)



செய்து பார்க்காமல் விடை எழுதக்கூடாது என்று இக்கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் கற்றோம். அப்பாடத்தின் பெறுமதியைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில்தான் உணர்ந்தோம்.

மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்தார். கூடுதலாக வெட்டினால் கூடுதலாகக் காக்கலாம் என்பது நம்பிக்கை. முக்கால் நூற்றாண்டு அது நிலைத்தது. குழிவிழுந்த நெஞ்சோடும் வீங்கிய கையோடும் பெண்கள் வாழ்ந்தார்கள்.

1970களில் அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷரும் மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நோயாளரை எழுமாற்றாகப் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிட்டனர். ஆரம்பநிலைக் கட்டிகளில், மார்பகத்தைக் காத்துக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறையவில்லை. 2002இல் வெளியான 20 ஆண்டு முடிவுகளும் அதையே உறுதிசெய்தன.

ஆயினும் வழக்கம் உடனே மாறவில்லை. குருவிடம் பழகிய கையைச் சான்று எளிதில் திருப்பிவிடாது. அந்நாட்டில் றோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், தாமே நோயுற்றபோது, துணிந்து கேள்வி எழுப்பினார். அவரைப்போன்ற பெண்களின் குரலும் மாற்றத்துக்கு வழிசெய்தது.

சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் தாய்மாருக்கோ சத்திரசிகிச்சை வேண்டும் என்றால், "இதற்குச் சான்று என்ன? வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று. எங்களிடமும் கேளுங்கள், எங்களுக்கும் அது நல்லது.