ஓரத்தை வெட்டாதீர்கள்

நூலக அறிவியலிலும் ஆவணக் காப்பிலும் இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

உங்களில் பலருக்கு முதல் வேலை ஸ்கேனர் முன்னால்தான். "போட்டோ எடுக்கத்தானே, அதற்கு எதற்குப் பட்டம்?" என்று வீட்டிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். ஓர் ஓலைச்சுவடியை முன்வைத்துப் பதில் சொல்கிறேன்.

சுவடி வந்த கையோடு கேமராவை எடுத்துவிட முடியாது. மெல்லிய தூரிகையால் தூசி நீக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய ஏடுகளை நிதானமாகப் பிரிக்க வேண்டும். காய்ந்து முறுகிய ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவ வேண்டும். பிறகுதான் அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்துப் படம். படம் அழகாக இருக்கட்டும் என்று ஒருவர் ஓரத்தை வெட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டெண் இருப்பது அந்த ஓரத்தில்தான். கயிறு அவிழ்ந்து கலைந்த சுவடி என்றால் எண் போனதோடு வரிசையும் போயிற்று. எண்ணை விட்டுவைத்தாலும் தமிழ் எண் தெரியாதவருக்கு ௧ என்பது 'க'வாகத்தான் தெரியும். கணினிக்கும் அந்தக் குழப்பம் உண்டு. சுவடி படிக்கத் தெரியாதவரிடம் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவைக் கொடுத்தும் பயனில்லை என்பது என் கட்சி.

படம் எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்குப் பாமினியை நினைவூட்டுகிறேன். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தோம். அந்தக் கோப்பை உரிய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால் திரையில் வருவது வெறும் கிறுக்கல். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், பழைய அச்சு நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிந்தது. ஃபிலிமைப் படிக்க வெளிச்சமும் லென்சும் போதும். டிஜிட்டல் கோப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கும், தேவைப்பட்டால் புதிய வடிவத்துக்கும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது ஒரு பிட்டும் சிதையவில்லை என்று செக்சம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். திட்டப்பணம் ஸ்கேனர் வாங்குவதோடு தீர்ந்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். இப்படி மாற்றிக்கொண்டே இருப்பதற்கான செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பிரதி ஒரே இடத்தில் இருப்பதும் ஆபத்துதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் திரட்டிவரும் 'நூலகம்' என்ற திட்டத்தை அந்த இழப்போடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம்மிடம் இருப்பவற்றின் இன்னொரு பிரதி எந்த ஊரில் இருக்கிறது? அதை யாராவது கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? பதில் வராவிட்டால் அந்தப் பதிலைத் தேடும் வேலையிலிருந்தே தொடங்குங்கள்.