அஞ்சல் துறை யார் கையில் இருக்க வேண்டும்?



காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் அஞ்சல் துறைக்கு எதிரான வாதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போக வேண்டிய சேலைகள் கட்டித் தயாராக இருக்கும். கூரியர் ஆள் கடைக்கே வந்து எடுத்துப் போவார். பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்பது செல்போனிலேயே தெரிந்துவிடும். முகூர்த்தப் பட்டைச் சுமந்துகொண்டு தபால் ஆபீஸ் வரிசையில் நிற்க எந்தக் கடைக்காரருக்கு நேரம் இருக்கிறது? தனியார் இவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்கிற வேலையை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பற்றாக்குறையோடு அரசு ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அதே ஊரின் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில், இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. நெசவாளருக்குக் கூலி மாதச் சம்பளம்போல வராது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. அப்படி வரும் பணத்தில் மாதம் நூறு ரூபாயைத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டு வைக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் பெண் குழந்தையின் செல்வமகள் கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. வங்கியிலும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் சிறுகச் சிறுகச் சேர்க்கும் குடும்பங்களுக்கு 1882 முதல் திறந்திருக்கும் வாசல் தபால் ஆபீஸ்தான்.

நாடெங்கும் 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில். காஞ்சிபுரத்தில் ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டிப் போடும் இருபது கிராம் கடிதம் அடுத்த தெருவுக்கும் போகும், லடாக்கின் லே நகருக்கும் போகும். தூரத்தைப் பார்த்து விலை ஏறாது. 1854-இல் டல்ஹௌசி காலத்தில் வந்த ஏற்பாடு இது. கூரியர் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ‘அந்தப் பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், சொல்லவும் செய்கின்றன.

விற்றுப் பார்த்த நாடுகளின் அனுபவம் என்ன?

பிரிட்டன் 2013 அக்டோபரில் ராயல் மெயிலைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பங்கு ஒன்று 330 பென்ஸ். அப்போது முதல் வகுப்புத் தபால்தலையின் விலை 60 பென்ஸ். 2025 ஏப்ரலில் அது ஒரு பவுண்டு 70 பென்ஸ். முதல் வகுப்புக் கடிதங்களில் நூற்றுக்கு 93 மறுநாளே சேர வேண்டும் என்பது இலக்காக இருந்தது; 2024-25-இல் அப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 77. கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2 கோடியே 10 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. நிறுவனம் இன்று செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கியின் குழுமத்திடம் இருக்கிறது. கடிதம் எழுதுவோர் குறைந்ததும் இந்தச் சரிவுக்குக் காரணம்தான். ஆனால் தனியார்மயம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை.

ஜெர்மனியின் கதை வேறு. 2000 நவம்பரில் சந்தைக்கு வந்த டாய்ச்சு போஸ்ட், டி.எச்.எல்.லை வாங்கி, உலகின் மிகப் பெரிய சரக்கு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. விற்றால் எல்லாம் நாசம் என்று சொல்பவர்கள் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டன், ஜெர்மனி இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எல்லா ஊருக்கும் தபால் சேர்க்க வேண்டும் என்ற கடமை அங்கே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டுச் சட்டமே வாரத்தில் எத்தனை நாள் கடிதம் வர வேண்டும் என்று சொல்கிறது. அபராதம் போட முடிந்ததும் அதனால்தான்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம், கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் தனி உரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிஞ்சியது. கடிதத்தின் மீதான தனி உரிமை போய்விட்டது. எந்தச் சேவையை எப்படித் தருவது என்பதை விதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. பிரிட்டன் நிறுவனத்தை விற்றது, கடமையை எழுதி வைத்தது. இந்தியா நிறுவனத்தை விற்கவில்லை, கடமையை எழுதவும் இல்லை.

இதன் விளைவு ஏற்கெனவே தெரிகிறது. புத்தகங்களைக் குறைந்த செலவில் பதிவுத் தபாலில் அனுப்ப உதவிய ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றது. சிறு பதிப்பகங்களும் ஊர்ப்புறத்து வாசகர்களும் இதில் நேரடியாக அடிபட்டார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டது. யாருக்கும் எதையும் விற்காமலே, பொதுச் சேவை துண்டு துண்டாகக் குறைய முடியும்.

ஆகவே அஞ்சல் துறை அரசிடம் இருக்க வேண்டும். இருப்பது மட்டும் போதாது. எத்தனை கிலோமீட்டருக்குள் ஓர் அஞ்சலகம், வாரத்தில் எத்தனை நாள் பட்டுவாடா, எல்லா ஊருக்கும் ஒரே கட்டணம் என்பவை சட்டத்திலேயே வர வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பட்ஜெட்டில் தனியாகக் காட்ட வேண்டும். சாலைக்கும் பள்ளிக்கும் செலவிடுவதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. கிளை அஞ்சலகங்களைத் தாங்கி நிற்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் இன்னும் நிரந்தர அரசு ஊழியர்களாக இல்லை. பல ஆண்டுகளாக அவர்கள் கேட்கும் ஓய்வூதியத்தையும் அந்தச் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பார்சலில் போட்டி இருக்கட்டும். 2022 இறுதியில் தொடங்கிய அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் இன்று நாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. தறிக்காரர் தம் சேலையைச் சிங்கப்பூருக்கோ டொரண்டோவுக்கோ சுங்க ஆவணங்களோடு தாமே அனுப்பலாம். இந்த வசதி இருப்பதை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சட்டத் திருத்தத்தைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். காஞ்சிபுரம் தொகுதி உறுப்பினரிடமிருந்தே அந்தக் கோரிக்கையைத் தொடங்கலாம்.