பாட்டனார் விட்டுச்சென்ற ஜப்பானிய வாள்

நம் நாட்டில் படைத்துறையோடு தொடர்புடைய குடும்பங்கள் சிலவற்றில், பரண்மீதோ கூடத்துச் சுவரிலோ, சற்றே வளைந்த நீண்ட வாளொன்று இருப்பதைக் காணலாம். "பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது" என்று வீட்டார் பெருமிதத்தோடு கூறுவர். அது எக்காலத்தது, எவர் இடையில் தொங்கியது, என்ன விலை பெறும் என்று வினவினாலோ, ஒருவர் எழுநூறு ஆண்டுப் பழமை என்பார். மற்றொருவர் தொழிற்சாலையில் அடித்த வெறும் இரும்பு என்பார். இருவரும் பிடியைக் கழற்றிப் பார்த்தவரல்லர். விடை பிடிக்குள்ளேதான் இருக்கிறது.

இவ்வாட்கள் இங்கு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியப் படை முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டு பர்மா மீட்கப்பட்டது. அங்குப் போரிட்ட பதினான்காம் சேனையிற் பெரும்பகுதியினர் இந்திய வீரர்களே. 1945 செப்டம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் சரணாகதிப் பத்திரம் கையொப்பமாயிற்று. ஜப்பானிய அதிகாரிகள் தத்தம் வாளைப் பலர் காண ஒப்படைக்க வேண்டுமென்பது தளபதி மௌண்ட்பேட்டனின் கண்டிப்பு. அவ்வாறு குவிந்தவற்றுட் பல, படைப்பிரிவுகளின் கூடங்களுக்கும் அதிகாரிகளின் பயணப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

முதலில் வெளித்தோற்றத்தைப் பார்ப்போம். ஜப்பானில் வாள் தரித்துப் பொதுவிடத்தில் உலவுவது 1876-இல் தடுக்கப்பட்டது. அதன்பின் படையினர் ஐரோப்பிய முறையில், விரல்களைக் காக்கும் வளைவு பொருந்திய பிடியுள்ள வாளைத் தரித்தனர். 1934-இல் தரைப்படை அதிகாரிகளுக்குப் பழைய மரபையொட்டிய வாள் மீண்டும் வந்தது. திருக்கை மீன் தோல் போர்த்திய பிடி, அதன்மேல் நாடாப் பின்னல், செர்ரி மலர் பொறித்த கைக்காப்பு ஆகியவை இதன் அடையாளம். 'ஷின்குன்தோ' என்று இதற்குப் பெயர். 1935-இல் அதிகாரியல்லாத படைத்தலைவர்களுக்கென வேறொரு வாள் உண்டாயிற்று. அதன் பிடி உலோக வார்ப்பு. நாடா சுற்றியதுபோல் வார்த்து வண்ணம் பூசியிருப்பார்கள். கைக்காப்பை அடுத்து அலகின்மேல் எண் வெட்டியிருக்கும்; அதே எண் உறையிலும் இருக்குமானால் இரண்டும் ஆதிமுதல் ஒன்றாயிருந்தவை எனக் கொள்ளலாம். இவ்வகைக்கு அண்மைக் காலத்திற் போலிகள் மலிந்துவிட்டன. ஆதலின் வீட்டு வாளைப் பற்றிக் கவலையில்லை. கடை வாளைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும்.

அதிகாரியின் வாளைப் பொறுத்தவரை வெளித்தோற்றம் மிகச் சிறிதே சொல்லும். அதிகாரிகள் தம் வாளைத் தாமே வாங்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். வசதி குறைந்தவர் தொழிற்சாலை அலகை வாங்கினார். பழங்குடியிற் பிறந்தவர் முன்னோர் வாளுக்குப் படைப்பிடியும் படையுறையும் மாட்டிக்கொண்டு போர்க்களம் போனார். ஆகவே ஒரே மாதிரியான இரண்டு பழுப்பு உறைகளுள், ஒன்றில் 1942-ஆம் ஆண்டு எஃகும், மற்றொன்றில் நானூறு ஆண்டுக்கு முந்திய அலகும் இருக்கக்கூடும். இதுவே இத்துறையின் சுவையும் சங்கடமும்.

பிடியை ஒரு சிறு மூங்கில் ஆணி பிணைத்திருக்கும். அதன் சிறுமுனைப் பக்கமிருந்து மெல்லத் தட்டினால் ஆணி வெளிவரும். பின்னர் வாளை நெட்டாகப் பிடித்து, பிடியைப் பற்றிய கையின் மணிக்கட்டில் மற்றக் கையால் இலேசாகக் குத்தினால் அலகு தளரும். வரவில்லையெனில் வற்புறுத்தலாகாது. உள்ளே தெரியும் துருவேறிய அடித்தண்டை ஜப்பானியர் 'நகாகோ' என்பர். அதில் கொல்லனின் பெயர் ஒருபுறமும், செய்த ஆண்டு மறுபுறமும் வெட்டப்பட்டிருக்கலாம். ஆண்டு 'ஷோவா' கணக்கிலிருந்தால் 1925-ஐக் கூட்டுக. ஷோவா 18 என்பது 1943. மாதம் இரண்டு அல்லது எட்டு என்றிருப்பது பெரும்பாலும் சம்பிரதாயமே. பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். பெருங்கொல்லர் பெயரைப் பிறர் வெட்டிவைப்பது அங்கு நெடுங்கால வழக்கம். கையொப்பமே இல்லாத சிறந்த அலகுகளும் உள.

அடித்தண்டில் சிறு முத்திரை இருந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும். செகி நகரத்து முத்திரையோ 'ஷோ' என்னும் எழுத்தோ இருப்பின், அது பழைய முறைப்படி செய்யப்படாத போர்க்கால அலகு. விண்மீன் முத்திரையோ நேர்மாறானது. படைத்துறை ஏற்றுக்கொண்ட கொல்லர், மரபுவழி எஃகை மடித்தடித்துச் செய்ததற்கு அது சான்று. முத்திரை கண்டவுடன் 'மட்டம்' என்று ஒதுக்குவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மரபு அலகில், கொல்லன் களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்த்ததால், விளிம்பை ஒட்டி மேகம்போன்ற வெண்கோடு ஓடும். மரத்தின் இழைபோன்ற ரேகையும் தென்படும்.

இனி நாம் வருந்திய ஒரு நிகழ்ச்சி. புனே நகரில் ஒரு வீட்டார், ஆயுத பூஜையை முன்னிட்டுத் தம் வாளைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தனர். அவர் அலகு முழுவதையும் சக்கரத்தில் தேய்த்ததோடு, அடித்தண்டின் துருவும் அழகைக் கெடுக்கிறதென்று உப்புத்தாளால் பளபளப்பாக்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து நாம் சென்றபோது கையொப்பத்திற் பாதி அழிந்திருந்தது. அடித்தண்டின் துருவின் நிறமே காலத்தை அளக்கும் கோல். அது போனபின் எந்த நிபுணரும் துணிந்து சொல்லமாட்டார். சாணைக்காரர் மேல் குற்றமில்லை. அரிவாளுக்குச் செய்வதைச் செய்தார். அலகிற்கு வேண்டியது மெல்லிய துணியும், இலேசான எண்ணெயின் மிகச் சிறு பூச்சுமே. விரல் படலாகாது; சந்தனம், குங்குமம் இடலாகாது.

விலையைக் கேட்பீர்கள். போர்க்காலத் தொழிற்சாலை அலகு, மரபு அலகு, பழைய அலகு என்ற வரிசையில் மதிப்பு ஏறும். ஆயினும் வண்ணம் உதிராத, எண் பொருந்திய படைத்தலைவர் வாள், கெட்டுப்போன அதிகாரி வாளை விலையில் வென்றுவிடலாம். அடித்தண்டின் இருபுறத்தையும் நேரொளியில் நிழற்படம் எடுத்து அறிந்தவருக்குக் காட்டாமல் எவருக்கும் விற்கவேண்டாம். வாள் வைத்திருக்க உரிமம் தேவையா என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அந்தந்தப் பகுதிக்கு வெளியான அறிவிக்கையைப் பொறுத்தது. மாவட்ட அலுவலகத்தில் விசாரிப்பது நலம். நூறாண்டு கடந்த அலகாயின், வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையையும் கேட்கவேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு.

பிடியிலோ உறையிலோ மையால் எழுதிய சிறு மரச்சீட்டோ துணித்துண்டோ கட்டியிருந்தால், அழுக்கென்று அறுத்தெறியாதீர்கள். சரணடைந்த அதிகாரி, என்றேனும் திரும்பி வரும் என்னும் நம்பிக்கையில், தம் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டியது அது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் அத்தகைய சீட்டைப் படிப்பித்து, அவ்வதிகாரியின் மகளைத் தேடிக் கண்டனர். வாளையே அனுப்ப விரும்பினர். ஆனால் அதன் அலகு செகி முத்திரையுடையது; மரபுமுறையிற் செய்யாத அலகைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள ஜப்பானியச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே சீட்டையும், வாளின் நிழற்படத்தையும் அஞ்சலில் அனுப்பினார்கள். வாள் அவ்வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது.